வாசகர் கேள்வி – பதில்: மலைக் காரின் டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: கோத்தகிரியை அடுத்த அரவேணுவில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். 2009-ஆம் ஆண்டு சான்ட்ரோ கார் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கி மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறேன். மீட்டரில் 58,000 கி.மீ. காட்டுகிறது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கான பில் எதுவும் பழைய உரிமையாளரிடம் இல்லை. ஆயில், பிரேக் பேட், ஃபேன் பெல்ட் ஆகியவற்றை நானே மாற்றிப் பழகியவன். இதையும் வீட்டில் செய்யலாமா? '58,000 தானே, இன்னும் ஓட்டலாம்' என்கிறார் என் மைத்துனர். – ஒரு வாசகர், அரவேணு

பதில்: உங்கள் மைத்துனர் சொல்லும் கணக்கு சமவெளிக் கணக்கு. பெல்ட்டின் தேய்மானத்துக்கு அடிப்படை எஞ்சின் எத்தனை முறை சுற்றியது என்பதே. உங்களைப் போன்ற சிறிய கார் சமவெளியில் ஐந்தாவது கியரில் 80 கி.மீ. வேகத்தில் செல்லும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,800 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டரைக் கடப்பதற்குள் 2,100 சுற்று ஆகிறது. அதே கார் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு இரண்டாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் ஏறும்போது, 2,700 சுற்று வீதம், ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம் ஆவதால் 5,400 சுற்று ஆகிவிடுகிறது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற மலைச்சாலை விதிப்படி நீங்கள் ஓட்டுகிறவராக இருந்தால் (இருப்பீர்கள் என நம்புகிறேன்), இறக்கத்திலும் கணக்கு இதுவேதான். எனவே மலையிலேயே ஓடிய 58,000 கி.மீ. என்பது பெல்ட்டைப் பொறுத்தவரை சமவெளியில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஓடியதற்குச் சமம்.

அதைவிடப் பெரியது வயது. பல்வைத்த இந்தப் பெல்ட் செயற்கை ரப்பரால் ஆனது. உள்ளே கண்ணாடி இழை நூல்கள் ஓடுகின்றன. வண்டி ஷெட்டில் நின்றாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருக்கும். தயாரிப்பாளர்கள் வண்டிக்கு வண்டி வேறுபட்ட கெடு தருகிறார்கள். பெரும்பாலும் அது 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரையிலும், கூடவே இத்தனை ஆண்டுகள் என்ற கணக்கோடும் இருக்கும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதைக் கொள்ள வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதைப் பாருங்கள். பில் இல்லாத பெல்ட் மாற்றாத பெல்ட் என்பதே நான் பட்டறை நடத்திய காலமெல்லாம் கடைப்பிடித்த விதி. மேல் கவரைத் திறந்து பார்த்தேன், வெடிப்பு எதுவும் இல்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பல்லின் அடியில் வெடிப்பும் ஓரத்தில் நூல் பிரிவும் தெரிந்தால் பெல்ட் முடிந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு கேம். கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஒருமுறை சுற்ற வேண்டும். அந்த ஒழுங்கைக் காப்பது பெல்ட்டின் பற்கள் மட்டுமே. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயிலின் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தைக் கவ்வி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இரண்டு பல்சட்டங்களைப் பல்லுக்குப் பல் தள்ளிப் பதித்திருக்கிறார்கள், ஒன்றில் பிடி விடும் கணத்தில் மற்றொன்றில் பிடி இருக்கும்படி. எஞ்சினுக்கு அப்படி ஓர் இரண்டாவது பிடி கிடையாது. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் வேகத்தில் இன்னும் சில சுற்று சுற்றும், மேலேறும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வை அடித்து வளைத்துவிடும். எல்லா எஞ்சின்களும் இப்படி இடிபடும் வகை அல்ல என்றாலும், உங்கள் வண்டியை அந்த வகையாகவே கருதி நடந்துகொள்ளுங்கள். அதன் பிறகு வேலை பெல்ட்டோடு முடியாது. வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டிவரும்.

இனி உங்கள் கேள்வி. சான்ட்ரோவில் ஒரே கேம் ஷாஃப்ட்தான். பழகிய கைக்கு வீட்டில் செய்யக்கூடிய வேலையே. ஆனால் முதல் தடையே நம் ஊரில் சமதளம் கிடைக்காததுதான். மலையில் எல்லோரும் வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துகிறோம். இந்த வேலையின் பெரும்பகுதியில் வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், முன்பக்கம் ஜாக்கியில் தூக்கியிருக்க வேண்டும், சரிவில் அது தற்கொலைக்குச் சமம். வீட்டு ஷெட் சற்றே சரிந்திருந்தாலும் அங்கே செய்யாதீர்கள். கொழுந்து எடை போடும் கூடங்களின் முன்னால் பெரும்பாலும் சிமெண்ட் தளம் இருக்கும். கொழுந்து வராத நாளில் கேட்டால் இடம் தருவார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாமல், ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் கேம் புல்லியின் குறி கண்ணுக்குத் தெரியாது.

பொருள்களை எல்லாம் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு ஓர் ஆயில் சீலுக்காகப் பேருந்து ஏறிக் கோயம்புத்தூர் போய்த் திரும்புவதில் இரண்டு நாள் போய்விடும். பெல்ட்டை மட்டும் வாங்குவது வீண் சிக்கனம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதன் வழியில் தாங்கும் ஐட்லர் பேரிங் இருந்தால் அது, கேம் சீல், கிராங்க் சீல், வெளிப்பெல்ட்டுகள், வாட்டர் பம்ப் ஆகிய அனைத்தும் ஒன்றாக மாற வேண்டும். புது பெல்ட்டைப் பழைய டென்ஷனர் பேரிங் ஆறே மாதத்தில் தின்றுவிடும். பழைய சீலில் கசியும் ஆயில் ரப்பரை ஊறவைத்துவிடும். சேஸிஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். கடைக்காரர் மாடல் பெயரை மட்டும் கேட்டு எடுத்துத் தந்தால், பழைய பெல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணிப் பார்க்காமல் மாட்டாதீர்கள். புது பெல்ட்டை மடக்காதீர்கள், உட்புறம் வெளியே வரும்படி திருப்பாதீர்கள். உள்ளிருக்கும் கண்ணாடி இழை ஒடிந்தால் வெளியே தெரியாது.

வேலையின் ஒழுங்கு இது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். வலது முன் சக்கரத்தையும் உள் மட்கார்டையும் எடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சின் கையால் எளிதாகச் சுற்றும். முதலில் கிராங்க் புல்லி போல்ட்டை இளக்க வேண்டும். இந்த ஒரு போல்ட்தான் வீட்டில் செய்பவர்களை அழவைப்பது. வண்டியை ஐந்தாவது கியரில் போட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி, நீளமான பாரில் இளக்குங்கள். சக்கரம் கழன்ற பக்கத்தில் டிஸ்க் ஆடாமலிருக்க இரண்டு வீல் நட்டைப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். பாரைத் தரையில் முட்டுக் கொடுத்துவிட்டுச் செல்ஃப் அடித்து இளக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பார் நழுவினால் கால் எலும்பு போகும், அதைச் செய்ய வேண்டாம். போல்ட் இளகியதும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிராங்கை அது ஓடும் திசையில் மட்டும் சுற்றி முதல் சிலிண்டரை டி.டி.சி.க்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு, கொண்டுவாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கேம் ஒருமுறை சுற்றுவதற்குள் கிராங்க் இரண்டு முறை சுற்றுவதால், கிராங்க் குறி நேராக நிற்கும்போது கேம் குறி சரியாக எதிர்ப்புறத்தில் நிற்கவும் வாய்ப்புண்டு. அப்படி நின்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். இரண்டு குறியும் ஒரே நேரத்தில் நேர்பட வேண்டும்.

அதன் பிறகு எஞ்சின் அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கி, பெல்ட் பக்கத்து எஞ்சின் மவுண்டைக் கழற்றி, கவர்களை எடுங்கள். பழைய பெல்ட் இருக்கும்போதே, கேம் புல்லி, கிராங்க் பல்சக்கரம், அவற்றுக்கு எதிரே எஞ்சினில் உள்ள குறிகள் ஆகியவற்றின் மேல் எழுத்துப்பிழை திருத்தும் வெள்ளை மையால் தொட்டு, செல்போனில் நான்கு கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் மேலும் இரண்டு கோடு போட்டு, இடையிலுள்ள பல்லை எண்ணிப் புது பெல்ட்டுக்கு மாற்றிக்கொள்வது நல்ல வழிதான். அதில் நானே ஒருமுறை ஒரு நாளைத் தொலைத்திருக்கிறேன். தொழில் பழகிய புதிதில், குன்னூரில், பெல்ட்டைப் போட்டு இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். பெல்ட்டிலிருந்த வெள்ளைக் கோடு எங்கோ போயிருந்தது. பல் தாண்டிவிட்டதென்று கழற்றி மறுபடி போட்டேன். மீண்டும் அப்படியே. இருட்டும்வரை மூன்று முறை கழற்றிய பிறகுதான் பெரியவர் ஒருவர் வந்து சிரித்தார். கிராங்கில் 20 பல் இருந்தால், இரண்டு சுற்றில் பெல்ட் நகர்வது 40 பல். பெல்ட்டிலோ நூற்றுக்கும் மேல் பல் இருக்கிறது, கோடு எப்படிப் பழைய இடத்துக்கு வரும்? கோடு பெல்ட்டைப் போடுவதற்கு மட்டுமே. சரிபார்ப்பது புல்லிக் குறிகளைக் கொண்டே.

போடும்போது கிராங்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வின்றி இழுத்தபடி கேமுக்கு ஏற்றுங்கள். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கமே சேர வேண்டும். ஸ்பிரிங் வகை டென்ஷனரானால் அதை இளக்கி ஸ்பிரிங்கின் பிடியில் விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பிறகு இறுக்குங்கள். சுற்றும்போது உலோகம் உலோகத்தில் முட்டுவதுபோல் நின்றால் ஒரு விரற்கடை கூட மேலே தள்ளாதீர்கள். பெல்ட்டைக் கழற்றிக் குறியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். குறிகள் இரண்டும் திரும்ப நேர்பட்ட பிறகே கவரை மூட வேண்டும், அதற்கும் பிறகே சாவி. கிராங்க் போல்ட்டை உங்கள் எஞ்சினுக்குரிய சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சில் இறுக்குங்கள். இங்கே கைப்பழக்கம் போதாது. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பெயிண்ட்டால் கவர் மேலேயே எழுதிவைத்தால், உங்களிடமிருந்து வண்டியை வாங்குகிறவர் எனக்கு இதே கடிதத்தை எழுத வேண்டியிருக்காது.

கேள்வி: 2008 வேகன்-ஆர் வைத்திருக்கிறேன். தம்பியும் நானும் சேர்ந்து டைமிங் பெல்ட் மாற்றினோம். வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலில் நடுங்குகிறது. பேருந்து நிலையத்திலிருந்து பெட்ஃபோர்ட் ஏற்றத்தில் முன்புபோல் இழுக்கவில்லை. ஒரு பல் தவறியிருக்குமா? கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்த மெக்கானிக், நான்கு சிலிண்டரிலும் புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைவு, எஞ்சினே போய்விட்டது என்கிறார். – ஒரு வாசகர், குன்னூர்

பதில்: எஞ்சின் போய்விட்டது என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். குன்னூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,850 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்றே குறைவாக இருக்கும்போது, அதை அழுத்திக் கிடைக்கும் அளவும் அதே விகிதத்தில் குறையும். ஊட்டியில் இன்னும் குறையும். மலையில் கம்ப்ரஷன் பார்க்கும்போது புத்தக எண்ணோடு ஒப்பிடாமல் சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒப்பிட வேண்டும். நான்கும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன என்றால் வால்வு வளையவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உயரத்தால் குறைய வேண்டியதற்கும் மேல் நான்கும் ஒன்றாகக் குறைந்திருந்தால், அது பல் தவறியதன் அடையாளமாக இருக்கலாம்.

கிராங்கில் 20 பல் உள்ள ஏற்பாட்டில் ஒரு பல் தவறினால் கிராங்க் கணக்கில் 18 பாகை பிசகுகிறது. வண்டி ஓடும், ஆனால் நீங்கள் சொல்வதுபோல் நடுங்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இருந்தாலும் கவரைத் திறக்கும் முன், வேலையின்போது கை பட்ட இடங்களைப் பாருங்கள்: கழன்ற வாக்குவம் குழாய், சரியாக அழுந்தாத சென்சார் கனெக்டர், இடம் மாறிய பிளக் வயர். இவற்றில் ஒன்றுதான் காரணம் என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எதுவும் இல்லையென்றால் மேல் கவரை மட்டும் திறந்து, பிளக்குகளைக் கழற்றி, கிராங்கைக் கையால் டி.டி.சி.க்குக் கொண்டுவந்து கேம் குறியைப் பாருங்கள். கண்ணைக் குறிக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். போனட்டுக்கு மேலிருந்து சாய்வாகப் பார்ப்பவருக்கு அரைப் பல் தவறியதுபோல் தோன்றும், ஆனால் அரைப் பல் என்பது பெல்ட்டில் இருக்க முடியாது. ஒன்று சரியாக இருக்கும், அல்லது முழுப் பல் தள்ளியிருக்கும். தவறியிருந்தால் சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

கேள்வி: என் வண்டியில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: எஞ்சினின் பக்கவாட்டுக் கவர் பிளாஸ்டிக்காகவும் சிறு போல்ட்டுகளில் தனியே கழலுவதாகவும் இருந்தால் பெரும்பாலும் உள்ளே பெல்ட், கவர் அலுமினிய வார்ப்பாக ஆயில் கசியாதபடி ஒட்டப்பட்டிருந்தால் செயின். நம் சாலைகளில் அதிகம் காணும் வண்டிகளில் பழைய மாருதி 800, பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோ, 2.5 லிட்டர் டீசல் இன்னோவா, 1.5 லிட்டர் டீசல் டஸ்டர் ஆகியவை பெல்ட். ஆல்ட்டோ கே10, 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட் ஆகியவை செயின். செயினுக்குக் கெடு இல்லை என்பதால் கவலையே இல்லை என்று எண்ண வேண்டாம். அது எஞ்சின் ஆயிலில் ஊறி ஓடுவது. ஆயிலைக் காலத்தில் மாற்றாதவர்களின் செயின் நீண்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கலகலக்கும்.

கேள்வி: கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வரும் வழியில் நடுவட்டத்துக்குக் கீழே என் டஸ்டர் டீசல் சட்டென்று நின்றுவிட்டது. டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. புது பெல்ட் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்கிறார் ஒருவர். ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். நானே பெல்ட் போட்டுப் பார்க்கட்டுமா? – ஒரு வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம். அரவேணு வாசகருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. இந்த எஞ்சினில் பெல்ட் கேமோடு டீசல் பம்பையும் வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுழற்றுகிறது. கிராங்கையும் கேமையும் அசையாமல் பூட்டும் பின்களைப் (pin) போட்டு நிறுத்தித்தான் வேலை செய்ய வேண்டும், அந்தப் பின்கள் இல்லாதவர் தொடக்கூடாது. மேலும் ஓடும் டீசல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு தப்பிப்பது அரிது. அப்படியே பெல்ட் போட்டுச் செல்ஃப் அடித்தால், வளைந்த வால்வு ஒடிந்து சிலிண்டருக்குள் விழும் அபாயம் உண்டு. அப்போது பிஸ்டனும் போகும்.

நடுவழி ஒன்று உண்டு. ஹெட்டை இறக்கும் முன் மேல் மூடியை மட்டும் கழற்றி டாப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள பாகம்) இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். வளைந்த வால்வு முழுதாக மூட முடியாமல் தாழ்ந்து நிற்பதால் அங்கே இடைவெளி மற்றவற்றைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்கும். ஒன்றில் அப்படித் தெரிந்தாலும் ஹெட் இறங்கத்தான் வேண்டும், வாதத்துக்கு இடமில்லை. பெல்ட் ஏன் அறுந்தது என்பதையும் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்: வாட்டர் பம்ப் பேரிங் இறுகியதா, ஆயில் கசிந்து ஊறியதா, வெளிப்பெல்ட் கிழிந்து அதன் நூல் கவருக்குள் போய்ச் சிக்கியதா? காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போடும் புது பெல்ட்டும் நடுவட்டத்திலேயே அறும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் நின்றது உங்கள் நல்ல காலம். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கின் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குமேல் தாங்காது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்து, மலையோரமாக நிறுத்துங்கள். வால்வுகளைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மூடுபனி உள்ள காலைகளில் ஸ்டார்ட் செய்ததும் 'கீ...ச்' என்று சத்தம் வந்து சிறிது நேரத்தில் அடங்குகிறது. டைமிங் பெல்ட்டுக்கு ஸ்ப்ரே அடிக்கலாமா? – ஒரு வாசகர், பெருமாள்மலை

பதில்: டைமிங் பெல்ட் பல்லால் கவ்வுவது, அது வழுக்கிக் கீச்சிடுவதில்லை. நீங்கள் கேட்பது ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் வெளிப்பெல்ட்டின் சத்தம். இரவில் படிந்த ஈரம் காயும்வரை அது வழுக்குகிறது. விளக்கையும் ஹீட்டர் ஃபேனையும் போட்டதும் சத்தம் கூடினால் சந்தேகமே வேண்டாம். அதன் இறுக்கத்தைச் சரிபார்த்து, பளபளத்துப் போயிருந்தால் மாற்றுங்கள். டைமிங் பெல்ட்டின் மேல் ஸ்ப்ரே, கிரீஸ், பவுடர் எதுவும் படக்கூடாது. கவருக்குள்ளிருந்து 'உய்' என்று இடைவிடாத மெல்லிய ஊளை வந்து, எஞ்சின் வேகம் கூடக் கூட அதுவும் கூடினால் மட்டும் கவனியுங்கள்: அண்மையில் பெல்ட் மாற்றியவராக இருந்தால் அதை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், மாற்றி நெடுநாள் ஆகியிருந்தால் டென்ஷனர் பேரிங் காய்ந்துவிட்டது, அந்த வண்டியோடு வத்தலக்குண்டு வரை இறங்கிப் பார்க்கலாம் என்று கிளம்ப வேண்டாம்.